பதினான்கு மெழுகு ஓவியங்களும் ஒரு வெள்ளிக்கிழமை மதியமும்: நிகழ்வு ஆய்வு

கடந்த ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் ஒரு தமிழ் ஓவியரின் முதல் தனிக் கண்காட்சிக்கு ஓவியங்களைக் கொண்டுபோகும்போது நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். ஏற்பாட்டில் நானும் இருந்தேன். தவறுகளில் பாதிக்கு மேல் என் பக்கம்தான். ஓவியரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகே எழுதுகிறேன். யார் பெயரும் இதில் இல்லை.

பின்னணி

ஓவியருக்கு வயது ஐம்பத்தெட்டு. புக்கிட் பாத்தோக்கில் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. காலையில் ஒரு பாலர் பள்ளியில் அரைநாள் வேலை. மதியம் வீடு திரும்பி, சமையலறைக்குப் பின்னால் துணி உலர்த்தும் இடத்தில் மூன்று மணி நேரம் ஓவியம். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அக்கா முதலில் பல ஆண்டுகள் பாத்திக் என்ற துணிச் சாய ஓவியம் செய்தவர். பாத்திக்கில் சாயம் ஏறக்கூடாத இடத்தில் மெழுகைப் பூசுவார்கள். வேலை முடிந்ததும் கொதிநீரில் போட்டு அந்த மெழுகை எடுத்துவிடுவார்கள். "அவ்வளவு நேரம் கையில வச்சிருந்த மெழுகைக் கடைசியில ஊத்திடறோமேன்னு இருக்கும் தம்பி" என்று ஒருமுறை சொன்னார். மெழுகு போகாமல் அதுவே ஓவியமாக நிற்கும் முறை ஒன்று இருப்பதைத் தெரிந்துகொண்டதும் அதற்கு மாறிவிட்டார். அதை என்காஸ்டிக் என்பார்கள். 'சுட்டுப் பதித்தது' என்ற பொருள் உள்ள கிரேக்கச் சொல். கண்காட்சி அழைப்பிதழில் நாங்கள் சுடுமெழுகு ஓவியம் என்று போட்டோம்.

அவர் வரைவது அரூபம். உருவம் எதுவும் இருக்காது. வீவக புளோக்குகளுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்ணம் அடிப்பார்கள் அல்லவா? சுவர் எங்காவது பெயர்ந்தால் பழைய வண்ணங்கள் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தெரியும். தாழ்வாரத்தில் அப்படி ஒரு இடத்தைப் பார்த்ததிலிருந்துதான் இந்த வரிசையே தொடங்கியது. ஒவ்வொரு பலகையிலும் பதினைந்து இருபது அடுக்கு மெழுகு ஏற்றி, பிறகு பிளேடால் அங்கங்கே சீவி உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவருவார். மூன்று ஆண்டு உழைப்பில் பதினான்கு பலகைகள் சேர்ந்தன. 60 செ.மீ. சதுரத்தில் பத்து, 30 செ.மீ. சதுரத்தில் நான்கு.

இடம் சிராங்கூன் சாலைக்கு அருகே ஒரு கடைவீட்டின் மாடி. ஒரு கலை அமைப்பின் கூடம் அது. திறப்பு சனிக்கிழமை மாலை 7 மணிக்கு.

மெழுகைப் பற்றிக் கொஞ்சம்

நடந்தது புரிய இது தெரிந்திருக்க வேண்டும். எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்த மதியம் வேறு மாதிரி போயிருக்கும்.

தேன்மெழுகை உருக்கி, அதோடு டமார் என்ற மரப்பிசினையும் வண்ணப்பொடியையும் கலப்பார்கள். டமார் மலாய்ச் சொல், பிசின் என்றுதான் பொருள். நம் குங்கிலியத்தின் உறவு. சுவாமிமலை ஸ்தபதிகள் செப்புச் சிலைக்கு முதலில் பிடிக்கும் மெழுகு உருவிலும் தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் மூன்றும்தான் சேரும். அக்கா தொடக்கத்தில் லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவில் பூசைச் சாமான் கடையிலிருந்து குங்கிலியம் வாங்கி உருக்கிப் பார்த்திருக்கிறார். மரப்பட்டைத் துணுக்கும் மண்ணுமாகக் கலந்து, கலவை பழுப்பாகிவிட்டதாம். அதன்பிறகு ஓவியப் பொருள் கடையில் சுத்தம் செய்த டமார்தான்.

பிசின் எதற்கு? மெழுகு தனியாக இருந்தால் மிருதுவாக இருக்கும். பிசின் சேர்ந்தால் கெட்டிப்படும், பளபளப்பும் நிற்கும். அளவு கூடினாலோ நொறுங்கும். எடைக்கு எட்டுப் பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு பிசின் என்பது பரவலான கணக்கு. அக்கா முதல் ஆண்டில் பத்துக்கு ஒன்று என்று போட்டிருந்தார். இது பின்னால் முக்கியமாகிறது.

ஒவ்வோர் அடுக்கையும் பூசியதும், சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் சூடு காட்டி, கீழுள்ள அடுக்கோடு ஒட்ட வைக்க வேண்டும். சுடாமல் விட்ட அடுக்கு பிறகு உரிந்து வந்துவிடும்.

"சிங்கப்பூர் வெயிலுக்கு மெழுகா?" என்று கண்காட்சியில் ஐந்தில் ஒருவராவது கேட்டார். தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரி செல்சியஸில். சிங்கப்பூரில் இதுவரை பதிவான மிக உயர்ந்த வெப்பம் 37 டிகிரி. 1983இல் தெங்காவிலும் 2023 மே மாதம் அங் மோ கியோவிலும் பதிவானது. எனவே சுவரில் மாட்டிய ஓவியம் வழிந்து ஓடாது. எகிப்தில், ரோமானியர் காலத்தில், இறந்தவர்களின் முகத்தை மெழுகில் வரைந்து மம்மியோடு வைத்தார்கள். ஃபாயும் ஓவியங்கள் என்று பெயர். ஆயிரத்து எழுநூறு, ஆயிரத்து தொள்ளாயிரம் ஆண்டு கடந்தும் கண் இமை வரை தெளிவாக இருக்கின்றன.

ஆனால் உருகுவது வேறு, இளகுவது வேறு. 35 டிகிரியை ஒட்டியே மெழுகு விரல் அழுத்தத்துக்கு இடம் கொடுக்கத் தொடங்கிவிடும். வெயிலில் நிறுத்திய மூடிய வண்டிக்குள் 50 டிகிரி சாதாரணம்.

வெள்ளிக்கிழமை நடந்தது

ஓவியங்களை ஏற்ற, பின்புறம் மூடிய சிறு லாரி ஒன்றை அமர்த்தியிருந்தேன். பின்பகுதியில் குளிர்சாதனம் கிடையாது. திறப்பு விழாவுக்கு ஒலிபெருக்கிகளையும் ஜூரோங்கிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு நடையாகப் போனால் கூடுதலாக 70 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஒரே நடையில் முடித்துவிடலாம் என்று நான் முடிவு செய்தேன்.

அக்காவுக்கு அன்று காலை பள்ளி. வீட்டில் அவர் கணவர் இருந்தார். உதவிக்கு இரண்டு கல்லூரி மாணவர்களை அனுப்பினேன். நான்கு சிறிய பலகைகளை அக்காவே அட்டைப்பெட்டியில் துண்டு சுற்றி நிறுத்தி வைத்திருந்தார். பெரிய பத்துக்கும் முகப்பில் பட்டர் பேப்பர் போட்டு, பின்பக்கம் டேப் ஒட்டியிருந்தார். முந்தின நாள் இரவு தொலைபேசியில் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "படுக்க வைக்காதீங்க தம்பி, நிறுத்தி வையுங்க. வெயில்ல நிக்க வேணாம்."

இந்த இரண்டு வாக்கியத்தையும் நான் மாணவர்களிடம் சொல்லவில்லை. ஓட்டுநர் அண்ணனிடமும் சொல்லவில்லை.

மாணவர்கள் அக்கறையான பிள்ளைகள். பட்டர் பேப்பர் மெல்லிசாக இருக்கிறதே, அடிபடுமே என்று கவலைப்பட்டு, தாங்களாகவே பபிள் ராப் வாங்கி வந்து ஒவ்வொரு பலகையையும் இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். குமிழ்கள் உள்பக்கம். பிறகு லாரி ஆடினால் சாயாமல் இருக்கட்டும் என்று ஐந்து ஐந்தாக இரண்டு அடுக்காகப் படுக்க வைத்தார்கள். சிறிய பலகைகள் இருந்த பெட்டி முன்னிருக்கையில் ஓட்டுநர் பக்கத்தில் ஏறியது.

11.20க்கு லாரி கிளம்பியது. ஜூரோங்கில் ஒலிபெருக்கி தயாராக இல்லை. திறந்தவெளி நிறுத்தத்தில் நாற்பது நிமிடம் காத்திருந்தார்கள். கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது 2.10.

என்ன கண்டோம்

முதல் பொட்டலத்தைப் பிரித்தபோது சேதம் ஒன்றும் இல்லை. மேலே இருந்த பலகை அது. மூன்றாவதைப் பிரித்தபோது ஒரு மாணவர், "அண்ணே, இது முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டார். ஓவியம் முழுக்க, ஓரத்திலிருந்து ஓரம் வரை, பணியாரச் சட்டி போலச் சின்னச் சின்ன வட்டக் குழிகள், வரிசை வரிசையாக. பபிள் ராப்பின் ஒவ்வொரு குமிழும் பட்டர் பேப்பரைத் தாண்டி மெழுகில் பதிந்திருந்தது. கையால் தொட்டேன். தொட்டிருக்கக் கூடாது. என் ஆள்காட்டி விரலின் ரேகையும் அதில் பதிந்தது.

அதற்குள் இன்னொரு பலகையில் ஒரு மாணவர் பட்டர் பேப்பரை இழுத்துவிட்டார். ஒரு வெள்ளிக் காசு அளவுக்கு மெழுகு தாளோடு சேர்ந்து வந்தது. அதன்கீழே, அக்கா என்றோ பூசி மூடிய காவி நிற அடுக்கு தெரிந்தது.

அக்காவைக் கூப்பிட்டேன். அழுவார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கேட்டுவிட்டு வரிசையாகச் சொன்னார்: தாளை இழுக்காதீர்கள், முகம் மேலே பார்க்கத் தனித்தனியாகத் தரையில் வையுங்கள், ஜன்னலை மூடி ஏர்கான் போடுங்கள், ஒரு மணி நேரம் யாரும் தொட வேண்டாம், ஆறினால் தாள் தானே வரும். அப்படியே செய்தோம். மாலை 3.45க்குத் தாள்கள் சருகு போல எழும்பி வந்தன. ஒன்றில்கூட மெழுகு ஒட்டவில்லை. ஆக, அந்தக் காசளவு சேதம் மட்டும் எங்கள் அவசரத்தால் வந்தது.

பக்கவாட்டில் டார்ச் அடித்து ஒவ்வொன்றையும் படம் எடுத்தோம். நேராகப் பார்த்தால் தெரியாத குழிகள் சாய்ந்த வெளிச்சத்தில் தெரிந்தன. இரண்டு அடுக்கிலும் மேலிருந்த பலகைகள் தப்பியிருந்தன. இரண்டாவது, மூன்றாவது இடத்தில் இருந்த நான்கில் மேற்பளபளப்பு மங்கி, லேசான தடம். அடியில் இருந்த நான்கில் ஆழமான குழி. அந்த நான்கிலும் மோசமான இரண்டு, அக்காவின் முதல் ஆண்டு வேலைகள், பிசின் குறைவான கலவையில் செய்தவை. சூடு பத்துக்கும் ஒன்றுதான். வேறுபாடு மேலே ஏறிய எடையிலும் கலவையிலும் இருந்தது.

எடுத்த முடிவுகள்

அக்கா 4.15க்கு வந்தார். திறப்புக்கு இருபத்தேழு மணி நேரம்கூட இல்லை.

லேசான தடம் விழுந்த நான்கையும் அங்கேயே சரி செய்தார். பையிலிருந்து பழைய வேட்டித் துணி ஒன்றை எடுத்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தார். உள்ளங்கைச் சூடே போதுமாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம். பளபளப்பு திரும்பி வந்தது.

ஆழமான நான்கைப் பற்றித்தான் பேச்சு நீண்டது. ஹீட் கன்னைக் கூடத்துக்கே கொண்டுவரலாமா என்று ஒருவர் கேட்டார். மரத்தரை, புகை உணர்கருவி, வாடகை ஒப்பந்தத்தில் நெருப்பு வேலைக்குத் தடை. அதை உடனே விட்டோம். அப்படியே மாட்டிவிடலாமே என்று நான் சொன்னேன். அரூப ஓவியம், குழிகளும் அதில் ஒரு பகுதி என்று பார்ப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்பது என் வாதம். அக்கா ஒரு பலகையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். "எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி. என் கை இப்படிக் கோடு போட்டதே இல்ல. கண்ணு வேற எங்கயும் போகாது பாருங்க." பார்த்தேன். போகவில்லைதான். அரூபம் என்றால் எதுவும் சேரலாம் என்ற நினைப்பு எனக்குள்ளும் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. எது சேர வேண்டும், எது கூடாது என்று மூன்று ஆண்டாக முடிவெடுத்து வந்தவர் எதிரில் நிற்கும்போது நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

நான்கையும் வீட்டுக்குக் கொண்டுபோவது, முடிந்ததைத் திருத்துவது, முடியாததை விட்டுவிடுவது என்று தீர்மானித்தோம். டாக்சியில் குளிர்சாதனம் போட்டு, பின்னிருக்கையில் நிறுத்தி வைத்துக் கொண்டுபோனோம்.

இன்னொரு முடிவும் இருந்தது. தாளோடு மெழுகு பெயர்ந்த பலகையும் இந்த நான்கில் ஒன்று. அதை, ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி ஒருவர் 1,800 வெள்ளிக்குப் பேசி, 500 வெள்ளி முன்பணமும் கொடுத்திருந்தார்கள். திறப்பு முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்றேன். அக்கா டாக்சியிலிருந்தே அவர்களை அழைத்து, நடந்ததை மறைக்காமல் சொன்னார். பணத்தைத் திருப்பித் தருகிறேன், அல்லது மூன்று மாதம் கொடுத்தால் திருத்தித் தருகிறேன், ஆனால் அதே ஓவியமாக இருக்காது என்றார்.

அன்று இரவு

எட்டு மணியிலிருந்து ஒரு மணி வரை நான் உடன் இருந்தேன். துணி உலர்த்தும் இடத்தில் ஜன்னலோரம் காற்றை வெளியே தள்ளும் விசிறி. மின்தட்டின்மேல் பழைய மைலோ டின்களில் மெழுகு. வெப்பமானி 85 டிகிரி காட்டியது. 100ஐ நெருங்க விடமாட்டார். அதற்குமேல் புகையத் தொடங்கினால் கண்ணும் தொண்டையும் எரியும், உடம்புக்கும் கெடுதல்.

முதல் பலகையில் குழிகளின் ஆழத்துக்கு மேற்பரப்பைப் பிளேடால் சீவினார். சீவிய வெல்லம் போலச் சுருள் சுருளாக விழுந்தது. அதையும் ஒரு டின்னில் சேர்த்துக்கொண்டார், திரும்ப உருக்கலாம். பிறகு வண்ணம் சேர்க்காத மெழுகை மெல்லிதாக ஒரு பூச்சு. ஹீட் கன்னை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓர் இடத்தில் நிறுத்தாமல் நகர்த்தினார். மேற்பரப்பு ஈரம் பட்டது போல மின்னியதும் கையை எடுத்துவிட வேண்டும். ஒரு நொடி கூடினாலும் கீழடுக்கு நகர ஆரம்பித்துவிடும். அந்தப் பலகை தேறியது. முன்பைவிட உள்நிறங்கள் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தன.

இரண்டாவது, முதல் ஆண்டுப் பலகை. அதே முறை, அதே சூடு. ஆனால் கலவை மிருது. நீலம் வெள்ளைக்குள் கலங்கிப் பரவியது. அக்கா ஹீட் கன்னை அணைத்து, பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, "போதும்" என்றார். நேரம் பன்னிரண்டே கால். மற்ற இரண்டையும் தொடவில்லை. களைத்த கையோடு செய்தால் அவையும் போய்விடும் என்றார். எனக்கு அது சரியான முடிவாகவே பட்டது, இன்றும் அப்படித்தான்.

அதன்பிறகு

சனிக்கிழமை பதினொரு ஓவியங்களோடு கண்காட்சி திறந்தது. மூன்று இடங்களைக் காலியாக விடாமல், சிறிய பலகைகளைத் தள்ளித் தள்ளி மாட்டிச் சமாளித்தோம்.

ஆசிரியத் தம்பதி வந்தார்கள். ஐயா காத்திருக்கத் தயாராக இருந்தார். அம்மா, "நான் ஆசைப்பட்டது அந்த ஓவியத்தை. வேற ஒண்ணு வந்தா அது வேறதானே" என்று சொல்லி முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு அரை மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, சிறிய பலகை ஒன்றை 450 வெள்ளிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

சேதத்துக்கு ஈடாகக் கலை அமைப்பு 600 வெள்ளி கொடுத்தது. மூன்று பலகைக்கான மெழுகு, பிசின், பிளைவுட் செலவைக் கணக்கிட்டுக் கொடுத்த தொகை. உழைப்பு அதில் சேரவில்லை. எழுத்தில் ஒப்பந்தமும் காப்புறுதியும் இல்லாததால் அதற்குமேல் கேட்க எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. அது போதாது என்பது என் கருத்து.

மூன்றாம் நாள் இன்னொன்று நடக்க இருந்து, நடக்காமல் போனது. அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை நான் வாங்கி வைத்திருந்தேன். மாலை நான்கரைக்கு மேற்கு ஜன்னல் வழியாக வெயில் ஒரு பட்டையாக உள்ளே விழுந்து, கருஞ்சிவப்புப் பலகையின் ஓரத்தைத் தொட்டிருந்தது. கூடத்தில் 24 டிகிரி. பலகையின் அந்த ஓரத்தில் 41. இரண்டடி தள்ளி மாட்டியிருந்த வெளிர்மஞ்சள் பலகையில் வெயில் பட்ட இடத்தில்கூட 33தான். அடர்நிறம் சூட்டை வாங்கிக்கொள்கிறது. உடனே இடம் மாற்றி, ஜன்னலுக்குக் கெட்டித் திரை போட்டோம்.

இனி செய்யும்போது

ஏற்றுவது காலை எட்டு மணிக்குள், அல்லது இரவு எட்டுக்குப் பிறகு. பின்பகுதியிலும் குளிர்சாதனம் உள்ள வண்டி, வழியில் எங்கும் நிற்காமல். 70 வெள்ளியை மிச்சப்படுத்தப் போய் என்ன ஆனது என்பது மேலே இருக்கிறது.

முகப்பில் எதுவும் அழுந்தக் கூடாது. அக்காவின் கணவர் இப்போது பிளைவுட்டில் ஒரு பெட்டி செய்திருக்கிறார். தட்டு வைக்கும் தாங்கி போல உள்ளே பள்ளங்கள், பலகைகள் நின்ற வாக்கில் இறங்கும், ஒன்றோடொன்று உரசாது. ஒவ்வொன்றின் நான்கு மூலையிலும் கார்க் துண்டு. பபிள் ராப் பெட்டிக்கு வெளியே மட்டும்.

வாய்வழிச் சொல்லை நம்பக் கூடாது. தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கக் குறிப்பு எழுதிப் பெட்டியின் மேலேயே ஒட்டியிருக்கிறோம்: நிறுத்தி வை, வெயிலில் நிறுத்தாதே, சூடாக இருக்கும்போது தாளை இழுக்காதே, விரல் படாதே. அந்த மாணவர்களிடம் இப்படி ஒரு தாள் இருந்திருந்தால் அவர்கள் பலகைகளைப் படுக்க வைத்திருக்கவே மாட்டார்கள். அவர்கள்மேல் எந்தக் குறையும் இல்லை என்று அக்காவே அவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார்.

கலவை இப்போது ஆறுக்கு ஒன்று. ஒரு சோதனைப் பலகையின் ஓரம் கீழே விழுந்து சில்லு பெயர்ந்ததால், அதற்குமேல் பிசினைக் கூட்ட அவருக்கு மனமில்லை.

காப்புறுதியும் எழுத்து ஒப்பந்தமும் இல்லாமல் அடுத்த கண்காட்சி கிடையாது என்று பேசியிருக்கிறோம். ஒப்பந்தத்தின் முதல் வரைவை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மீந்த மூன்று பலகைகளில், காசளவு பெயர்ந்ததை அக்கா முழுக்கச் சீவிவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருக்கிறார். நீலம் கலங்கியது பரணில் இருக்கிறது. குழி விழுந்த இன்னொன்று துணி உலர்த்தும் இடத்தில், மதிய வெயில் எட்டும் சுவரில் தொங்குகிறது. தினமும் மூன்று மணிக்கு வெப்பமானியை அதன்மேல் காட்டி, தேதியையும் டிகிரியையும் பலகையின் பின்புறம் பென்சிலால் குறித்து வைக்கிறார். போன வாரம் நான் பார்த்தபோது இரண்டாவது பத்தி பாதி நிரம்பியிருந்தது.